காலை இழந்தவரை வேலையை விட்டு அனுப்பலாமா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய கணவருக்கு 47 வயது. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் 9 ஆண்டு வேலை, முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், கடைசி 3 ஆண்டாக மேற்பார்வையாளர். நீரிழிவுக்காரர். சில மாதங்களுக்கு முன் வலது காலில் வந்த புண் ஆறாமல் போய், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. 4 மாதம் மருத்துவமனையும் எம்சியுமாக (மருத்துவ விடுப்பு) போனது. இப்போது செயற்கைக்காலில் நடக்கிறார், வேலைக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் கம்பெனியில் அவர் முன் இரண்டு கடிதங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று ராஜினாமா கடிதம், கையெழுத்துப் போட்டால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம். இன்னொன்று நோட்டீஸ் கொடுத்து வேலையை முடிக்கும் கடிதம், அதில் காரணம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். “இப்படி அனுப்புவது சட்டப்படி செல்லுமா?” என்பது அவர் எழுதிய கேள்வி. எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது, போட்டால் எதை இழப்போம் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வழக்கறிஞர் இல்லை. தொழிற்சங்கத்தில் தொழிலாளர் தகராறுகளைப் பார்க்கும் வேலையில் 20 ஆண்டுக்கு மேல் இருந்தேன், அதில் உடல்நலம் கெட்டு வேலை இழந்தவர்களின் கோப்புகள் நிறைய. உங்கள் கணவரின் ஒப்பந்தத்தையும் அந்த இரண்டு கடிதங்களையும் நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது வாதத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் “வேலையில் இருக்கும்போது ஊனமானால் நீக்கவே முடியாது, வேறு வேலைக்குத்தான் மாற்ற வேண்டும்” என்று சொல்லியிருப்பார்கள். அது அங்கே 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, அதுவும் அரசு நிறுவனங்களுக்குத்தான். சிங்கப்பூரில் அப்படி ஒரு வாசகம் இல்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது, உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. மகப்பேற்று விடுப்பில் இருக்கும் பெண்ணுக்கு அந்த விடுப்பின்போது நோட்டீஸ் கொடுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது, எம்சியில் இருப்பவருக்கு அந்தக் கவசம் கிடையாது. 6 மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சாதாரண மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள், இவ்வளவுதான் சம்பளத்தோடு கிடைக்கும். அதற்குமேல் எத்தனை நாள் காத்திருப்பது என்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

ஆனால் கதவு முழுக்க மூடியில்லை. வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, நியாயமான காரணமில்லாமல் நீக்கப்பட்டவர் மீண்டும் வேலையோ இழப்பீடோ கேட்கலாம் என்கிறது. எது முறையற்ற பணிநீக்கம் என்று விளக்கும், அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி ஒன்றும் இருக்கிறது. அது பாகுபாட்டால் நீக்குவது தவறு என்று சொல்லி வயது, இனம், பாலினம், சமயம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, உடற்குறை என்று அடுக்குகிறது. இவ்வளவும் உறுதி. இதே வழிகாட்டியில் இருக்கும் இன்னொரு வரிதான் முதலாளிகளுக்குப் பிடித்த வரி: முறையாக நோட்டீஸ் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் வேலையை முடித்தால், அது முறையற்றது இல்லை என்றே முதலில் கருதப்படும். உங்கள் கணவருக்கான இரண்டாவது கடிதத்தில் காரணமே இல்லாமல் இருப்பது தற்செயல் இல்லை, விவரம் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“முதலில்” கருதப்படும் என்றேன், இல்லையா? அதை மாற்றிக் காட்ட ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தை நீங்களே உங்கள் கேள்வியின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கிடங்கு மேலாளர் உங்கள் கணவருக்கு வாட்ஸ்அப்பில், ‘ஒரு காலோட இருக்கவர வச்சிக்க முடியாதுன்னு பாஸ் சொல்லிட்டாரு, தப்பா நெனக்காதீங்க’ என்று அனுப்பியிருக்கிறார். அவர் நல்ல மனசில்தான் அனுப்பியிருப்பார். ஆனால் கடிதத்தில் சொல்லாத காரணத்தை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. இன்றைக்கே அதைப் படமெடுத்து, தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி உங்கள் கைப்பேசியிலும் இன்னோர் இடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் கைப்பேசி கம்பெனி கொடுத்தது என்றால் இன்னும் அவசரம், கடைசி நாளில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அந்த ஒரு வரியால் வென்றுவிடலாமா என்றால், அதை நான் சொல்ல மாட்டேன். கம்பெனி என்ன வாதம் வைக்கும் என்று எனக்குத் தெரியும், பல முறை கேட்டிருக்கிறேன்: ‘நாங்கள் ஊனத்துக்காக நீக்கவில்லை, வேலையைச் செய்ய முடியாததால் நீக்கினோம், வேலையிடப் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு.’ இதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. செயற்கைக்காலோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது பாதுகாப்பா என்று அவர்கள் கேட்டால் அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கணவர் 3 ஆண்டாக ஓட்டவில்லையே, மேற்பார்வை அல்லவா பார்த்தார்? சரக்குக் கணக்கு, ஆட்களைப் பிரித்து அனுப்புவது, லாரி வரும் நேரத்தை ஒழுங்கு செய்வது, இதில் எதற்கு இரண்டு கால் வேண்டும்? வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் அவர் ஒரு சாதாரண நாளில் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தார் என்று உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து. அப்புறம் மருத்துவரிடம் போய் ‘வேலைக்குத் தகுதி’ என்ற ஒற்றை வரியோடு திரும்பாதீர்கள், இந்தப் பட்டியலைக் காட்டி எதெல்லாம் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் அவரைப் பார்த்த தொழில்வழிச் சிகிச்சையாளர் இதை மருத்துவரைவிட விவரமாக எழுதித் தருவார், கேட்டால்தான் தருவார்.

இனி அந்த ராஜினாமா கடிதம். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கம்தான் என்று சட்டம் ஏற்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். கூடுதல் ஒரு மாதச் சம்பளம் தருகிறோம் என்று சொல்லும் கடிதத்தின் கீழே, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று பொருள்படும் ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியவே தெரியாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், விருப்பமில்லாமல் வேலை இழந்தவருக்கு 6 மாதம் வரை மொத்தம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்கிறது. நோய், காயம், விபத்து காரணமாக வேலை முடிக்கப்பட்டவரும் அதில் சேர்த்தி. கடந்த ஓராண்டின் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது, வேலை தேடும் முயற்சிகளையும் காட்ட வேண்டும், வேறு சில தகுதிகளும் உண்டு. தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஒரு மாதச் சம்பளத்தைக் காட்டி 6 மாத உதவியை வாங்கிவிடுகிறார்கள் என்பது கையெழுத்துப் போடும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

என்னிடம் ஒருவர் வந்தார், லாரி ஓட்டுநர், ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. ‘ராஜினாமா என்று இருந்தால் உனக்குத்தான் நல்லது, அடுத்த கம்பெனியில் கேட்க மாட்டார்கள்’ என்று எச்ஆரில் இருந்த பெண் பரிவாகப் பேசிக் கையெழுத்து வாங்கியிருந்தார். அவர் வீட்டில் ஒரு மாதம் யோசித்துவிட்டு, தம்பி சொன்னான் என்று என்னிடம் வந்தபோது கடைசி வேலை நாள் முடிந்து 37 நாள். என்னால் கோப்பைத் திறக்கக்கூட முடியவில்லை. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முறையற்ற பணிநீக்கம் என்று புகார் கொடுக்க, கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம்தான். சம்பள பாக்கிக்கு வேலையை விட்ட பிறகு 6 மாதம் இருக்கிறது, அதை நினைத்துக்கொண்டு இதையும் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். முதலில் போக வேண்டிய இடம் டாடம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் முத்தரப்புத் தகராறு நிர்வாகக் கூட்டணி. இணையத்திலேயே பதியலாம். அவர்கள் இரண்டு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். சமரசம் ஆகவில்லை என்றால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அது கிடைத்த 4 வாரத்துக்குள் அரசு நீதிமன்றங்களின் கீழ் இருக்கும் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் பதிய வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் வழக்கறிஞர் வைக்க முடியாது, அது நம்மைப் போன்றவர்களுக்கு நல்லது. ஆங்கிலத்தில் திணறுவார் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களும் 2019 ஏப்ரல் முதல் இந்த வழிக்கு வரலாம், நோட்டீஸ் கொடுத்து நீக்கப்பட்டவர் என்றால் 6 மாதச் சேவை இருக்க வேண்டும், உங்கள் கணவருக்கு 9 ஆண்டு இருப்பதால் அது பிரச்சினை இல்லை.

கிடைக்கும் தொகையைப் பற்றி ஆசை காட்ட எனக்கு மனமில்லை. மன்றம் 2017இல் தொடங்கியபோது வைத்த வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கத்தின் உதவியோடு முத்தரப்புச் சமரசம் வழியாகப் போனால் 30,000. நடைமுறையில் வருமான இழப்புக்கு அதிகபட்சம் 3 மாதச் சம்பளம், அவமதிப்பு, மன உளைச்சல் முதலிய பாதிப்புக்கு சுமார் 2 மாதச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து நடந்ததன் கடுமைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கணக்கிடுவார்கள். மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு. ஆனால் உறவு இவ்வளவு கெட்ட பிறகு திரும்பிப் போய் நிம்மதியாக வேலை பார்த்தவர்கள் என் அனுபவத்தில் குறைவு. அவர் சங்க உறுப்பினரா என்று சம்பளச் சீட்டில் சந்தாப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் நாளைக்கே சங்கத்துக்கு போன் போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் நான் இரண்டு முறை படித்த வரிக்கு வருகிறேன். ‘முதலில் வேலையில் பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு) இடித்துச் சின்னக் காயம்தான், நாங்களும் பெரிசா எடுத்துக்கல’ என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, அது சின்ன வரி இல்லை. புண் வேலையிடத்தில் பட்ட அடியில் தொடங்கியிருந்தால், வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் கோர இடமிருக்கிறது. அதில் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டதா என்பதுதான் கேள்வி. வேலையை விட்டுப் போன பிறகும் கோரலாம். விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும், மாதங்கள் ஓடிவிட்டதால் தேதியை உடனே பாருங்கள். நிரந்தரப் பாதிப்புக்கான தொகை வயது, சராசரி மாதச் சம்பளம், பாதிப்பின் சதவீதம் மூன்றையும் வைத்துக் கணக்காகும், முழுமையான பாதிப்புக்கான உச்சவரம்பு 2025 நவம்பர் 1க்கு முந்தைய விபத்து என்றால் 289,000 வெள்ளி, அன்றைக்கோ அதற்குப் பிறகோ என்றால் 346,000. உங்கள் கணவருக்கு அதில் ஒரு சதவீதப் பங்குதான் வரும் என்றாலும் பணிநீக்க இழப்பீட்டைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது கிடைத்திருக்க வேண்டிய எம்சி நாள்களுக்குச் சம்பளமே இல்லாமல் இருந்திருக்கிறார் என்பதும் அப்போது கணக்குக்கு வரும்.

வாதத்துக்கு உரியதும் இங்கேதான் அதிகம். கால் போனது பேலட் இடித்ததாலா, நீரிழிவாலா? காப்புறுதி நிறுவனம் நீரிழிவு என்றுதான் சொல்லும், சண்டை போடும். நீரிழிவு இருந்த காலில் பட்ட அடி எவ்வளவு பங்கு வகித்தது என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல முடியும், அவர்களுக்குள்ளேயே கருத்து மாறலாம். நான் கேட்பதெல்லாம்: அந்த நாளில் யாரிடம் சொன்னார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? பாலிகிளினிக்கில் முதல் முறை போனபோது ‘வேலையில் அடிபட்டது’ என்று குறித்தார்களா? அந்தக் குறிப்பு இருந்தால் அது தங்கம். இல்லாவிட்டாலும் கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்லலாம். மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை, அவர் செய்யவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது, நீங்களே அமைச்சிடம் பதியலாம். இதை ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுங்கள், ஏனென்றால் இந்தச் சட்டத்தின் கீழ் கோருவதா, முதலாளிமேல் தனியாக வழக்குப் போடுவதா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன பதில் சொல்வது? முடிந்தால் வேலையைக் காப்பாற்றப் பாருங்கள், சண்டை அப்புறம் இருக்கட்டும். மின்னஞ்சலில், நயமாக, ஆங்கிலத்தில் நாலு வரி போதும்: நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை, மேற்பார்வை வேலையைத் தொடர விரும்புகிறேன், மருத்துவர் அறிக்கை இணைத்திருக்கிறேன், வேலையை முடிக்க நினைத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். அதோடு, உடற்குறையுள்ளவர்களுக்கு உதவும் அமைப்பான எஸ்ஜி எனேபல் தரும் உதவியைக் குறிப்பிடுங்கள். உடற்குறையுள்ள ஊழியருக்காக வேலையை மாற்றியமைக்க ஆகும் செலவில் 90 சதவீதம் வரை, ஓர் ஊழியருக்கு 20,000 வெள்ளி உச்சவரம்புக்குள், மானியம் கிடைக்கும். மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் உடற்குறையுள்ளவரின் சம்பளத்தில் 20 சதவீதம் வரை, மாதம் 400 வெள்ளிக்கு மிகாமல், அரசாங்கம் முதலாளிக்கு ஈடுகட்டுகிறது. பல சிறிய முதலாளிகளுக்கு இது தெரியாது. பக்கவாதம் வந்த துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவருக்காக நான் பேசப் போனபோது, அந்த முதலாளி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் மாறியது என்ன தெரியுமா, ஓர் உயரமான நாற்காலி, வேலை தொடங்கும் நேரம் ஒரு மணி தள்ளி, படிக்கட்டு உள்ள புளோக்குகள் வேறொருவருக்கு. அவர் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். உங்கள் முதலாளி அப்படி மாறுவார் என்று நான் உறுதி தர முடியாது. மாறாவிட்டாலும், மாற்று ஏற்பாடு கேட்டும் பேசக்கூட மறுத்தார்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சல் ஆதாரமாக நிற்கும்.

புதிய சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது உண்மை, உடற்குறையும் மனநலப் பிரச்சினையும் அதில் பெயர் சொல்லிப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன, காரணம் சொல்லாமல் அனுப்பும் தந்திரத்துக்கு அது ஓரளவு கடிவாளம் போடும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அது 2027 இறுதியில்தான் நடைமுறைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், 25 பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனங்களுக்கு முதலில் விலக்கும் உண்டு. அதை நம்பி இப்போது காத்திருக்க வேண்டாம்.

ஒருவேளை இரண்டாவது கடிதத்தோடு அனுப்பிவிட்டால், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு 4 வாரம், எடுக்காத ஆண்டு விடுப்புக்குப் பணம், கடைசிச் சம்பளம் கடைசி நாளிலேயே, முடியாவிட்டால் 3 வேலை நாளுக்குள். கடிதம் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால் போடலாம், பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை’ என்று எழுதித் தேதி போடுங்கள்.

கடைசியில் எழுதியிருந்தீர்கள், ‘போனது போகட்டும், யாரோடும் மல்லுக்கு நிக்க வேணாம்னு அவர் சொல்றார்’ என்று. காலை இழந்து 4 மாதம் படுக்கையில் கிடந்தவர் அப்படித்தான் சொல்வார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். டாடத்தில் பதிவது நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுவது மாதிரி இல்லை, ஓர் அறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது என்று அவரிடம் சொல்லுங்கள். எனக்கு மூன்று தேதிகள் வேண்டும்: பேலட் இடித்த நாள், முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாள், கடிதத்தில் போட்டிருக்கும் கடைசி வேலை நாள். இன்றிரவு எழுதினால் நாளைக் காலைக்குள், அந்த மின்னஞ்சலில் என்ன வாசகம் போடலாம் என்று எழுதி அனுப்புகிறேன்.